பயணத்தில் இணையத் தொடர்பு: செஞ்சி வட்டாரச் சாலைகளை முன்வைத்து ஒரு வரலாறு

பயணத்தில் இணையத் தொடர்பு என்பது, ஓடும் வண்டியிலிருந்தோ வழியில் தங்கும் இடத்திலிருந்தோ தடையின்றி இணையத்தைப் பயன்படுத்தும் வசதியைக் குறிக்கும். படுக்கை, அடுப்பு, கழிவறை ஆகியவற்றோடு வீடு போலவே அமைக்கப்பட்ட ஊர்திகளில் மாதக்கணக்கில் சுற்றுவோர் மேலை நாடுகளில் பலர் உண்டு. தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றால் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நிற்கும் நடிகர்களின் வண்டிதான் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும். ஆயினும், வண்டியையே வீடாகக் கொண்ட வாழ்க்கை தமிழர்களுக்குப் புதியதன்று. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் போர்வெல் வண்டிகளின் ஆட்கள் வெளிமாநிலங்களில் மாதக்கணக்கில் வண்டியோடு வண்டியாகவே வாழ்கின்றனர். நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கும் உணவும் உறக்கமும் பெரும்பாலும் லாரியிலேதான்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான தேவை, ஊரோடும் தொழிலோடும் தொடர்பு அறுந்துவிடாமல் இருப்பது. அத்தேவை எந்தெந்தக் காலத்தில் எவ்வாறு நிறைவேறியது என்பதை, விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டாரத்துச் சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இடமும் சாலையும்

செஞ்சி, திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, கிருஷ்ணகிரி–திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளை இணைத்துக் கட்டப்பட்டது செஞ்சிக் கோட்டை. இராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. செஞ்சிக்குத் தெற்கே, விழுப்புரம் பக்கமாக உள்ள பேரூராட்சி அனந்தபுரம். செஞ்சியில் ரயில் நிலையம் இல்லை. கிழக்கே திண்டிவனத்துக்கும் தெற்கே விழுப்புரத்துக்கும் சென்றுதான் ரயில் ஏற வேண்டும். எனவே இவ்வட்டாரத்தில் பயணம் என்பது முழுக்க முழுக்கச் சாலைப் பயணமே.

2025 ஜூலை 11 அன்று, ‘மராத்தியர்களின் இராணுவ நிலக்காட்சிகள்’ என்னும் தலைப்பில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை; எஞ்சிய ஒன்று செஞ்சி. இதனால் வெளியூர்ப் பயணிகளின் கவனம் செஞ்சியின்பால் கூடியுள்ளது.

தபால் காலம்

ஓட்டக்காரர்கள் கடிதப் பையைச் சுமந்து ஓடிய காலத்தில், செய்தியின் வேகம் மனிதக் காலின் வேகமே. ஒருவரே முழுத் தொலைவும் ஓடுவதில்லை. குறிப்பிட்ட தொலைவில் ஒருவர் காத்திருந்து பையை வாங்கிக்கொண்டு அடுத்த நிலைக்கு ஓடுவார். புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில், எங்கிருந்து யாருடைய கடிதம் வந்தது என்னும் குறிப்புகள் நிறைய உள்ளன. ஒரு கடிதம் தாமதமானால் வணிகமும் அரசியலும் எவ்வளவு தடுமாறின என்பதை அவற்றால் அறியலாம். 1750-இல் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது அவர் காலத்தில்தான்.

1786-இல் சென்னையில் தலைமை அஞ்சலகம் ஏற்பட்டது. நாளடைவில் ஊர்தோறும் அஞ்சலகங்கள் வந்தபின், நிலையான முகவரி இல்லாத பயணிக்கும் ஒரு வழி பிறந்தது. அவர் பெயரை எழுதி, இன்ன ஊர் அஞ்சலகம் என்று குறிப்பிட்டால் போதும். பயணி நேரில் வந்து கேட்கும்வரை கடிதம் அங்கேயே காத்திருக்கும். ஊர்க்காரர்களுக்காக ஏற்பட்ட அஞ்சலகம் வழிப்போக்கருக்கும் பயன்பட்டது. இந்த அமைப்பு பின்வந்த ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு வடிவில் தொடர்வதைக் காணலாம்.

தந்தியும் தொலைபேசிக் கூண்டும்

இந்தியாவில் தந்திச் சேவை 1855-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் வில்லியம் ஓஷாக்னசி. பயணத்தில் இருப்பவர் அவசரச் செய்தி அனுப்ப வேண்டுமானால் தந்தி அலுவலகத்தையோ ரயில் நிலையத்தையோ தேடிச் செல்ல வேண்டும். ரயில் வராத செஞ்சி போன்ற ஊர்களில் அஞ்சலகமே அதற்கும் துணை. 2013 ஜூலையில் இச்சேவை முடிவுக்கு வந்தது.

தொலைபேசி நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் உள்நாட்டிலேயே இணைப்பகங்களை வடிவமைத்தது. அதன் பயனாகச் சிற்றூர்களுக்கும் நேரடியாக எண் சுழற்றிப் பேசும் வசதி பரவியது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் பேருந்து நிலையங்களிலும் சாலையோர உணவகங்களிலும் முளைத்தன. லாரி ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, புக்கிங் ஆபீசுக்கு ஒரு அழைப்பு, வீட்டுக்கு ஓர் அழைப்பு என்று பேசிவிட்டுச் செல்வார். இரவில் கட்டணம் குறையும் நேரம் வரை காத்திருந்து பேசியோரும் பலர். பூத் நடத்தியவர் உள்ளூர்க்காரர், பலர் மாற்றுத்திறனாளிகள். அவர்களின் பிழைப்பும் பயணியின் தொடர்பும் ஒரே கம்பியில் ஓடின.

இணையம் வந்த வழி

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னையும் அதில் அடங்கும். தொலைபேசிக் கம்பி வழியே கிடைத்த அன்றைய இணைப்பு மிக மெதுவானது. வீட்டில் கணினி இல்லாதோருக்கு, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய பிரவுசிங் சென்டர்களே கைகொடுத்தன. பயணிகளும் அங்கேயே மின்னஞ்சல் பார்த்தனர்.

கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுசெல்லும் முயற்சி ஒன்று செஞ்சிக்கு அருகிலேயே நடந்தது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் மையமாக அமைந்தது. அங்கே திரட்டப்பட்ட செய்திகள் வானொலி அலை வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்றன. மின்தடைக்கு மாற்றாகச் சூரிய மின்சாரமும் பயன்பட்டது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குத் தமிழில் அறிவித்தனர்.

பேருந்தில் ஏறிய இணையம்

இணைப்பை வண்டியிலேயே ஏற்றிச் சென்ற முயற்சியும் தென்னிந்தியாவில் நடந்தது. கர்நாடகத்தில் பெங்களூருக்கு அருகிலுள்ள தொட்டபள்ளாபூர் வட்டத்தில், 2003-ஆம் ஆண்டளவில், ‘டாக்நெட்’ என்னும் அமைப்பு சோதிக்கப்பட்டது. ‘டாக்’ என்பது தபாலைக் குறிக்கும் இந்திச் சொல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் பென்ட்லாண்ட், ரிச்சர்ட் ஃப்ளெட்சர், அமீர் ஹாசன் ஆகியோர் இதனை உருவாக்கினர்.

இதன் செயல்முறை எளியது. கிராமத்துக் கணினி மையத்தில் மக்கள் எழுதும் மின்னஞ்சலும் நிலப் பதிவேட்டுக்கான விண்ணப்பமும் அங்கேயே சேமிக்கப்படும். வழக்கமாக அவ்வழியே செல்லும் அரசுப் பேருந்தில் ஒரு வைஃபை கருவி பொருத்தப்பட்டிருக்கும். பேருந்து ஊரைக் கடக்கும் சில நிமிடங்களில் கணினியும் கருவியும் தாமாகவே தகவலைப் பரிமாறிக்கொள்ளும். பேருந்து நகரத்தை அடைந்ததும் அத்தகவல் இணையத்தில் சேரும். சராசரியாக ஒரு முறைக்கு ஏறத்தாழ 20 மெகாபைட் அளவு பரிமாறப்பட்டது. அதே ஆண்டில் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் மோட்டார் சைக்கிள்களைக் கொண்டு பள்ளிகளுக்கு இதே முறையில் மின்னஞ்சல் எடுத்துச் செல்லப்பட்டது. தபால் ஓட்டக்காரரின் பையே மின்னணு வடிவில் மீண்டும் வந்தது எனலாம். ஆனால் உடனுக்குடன் பேசவோ பார்க்கவோ அதில் வழியில்லை. கைப்பேசி பரவியபோது இம்முறையின் தேவை குறைந்தது.

கைப்பேசிக் கோபுரமும் மலையும்

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மூன்றாம் தலைமுறைச் சேவை 2008 இறுதியிலும், நான்காம் தலைமுறைச் சேவை 2012-இலும், ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபரிலும் தொடங்கின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்து, சாலையில் செல்வோர் அனைவரின் கையிலும் இணையம் புகுந்தது.

ஓடும் வண்டியில் இணைப்பு அறாமல் இருப்பதற்குக் காரணம் கோபுரங்களுக்கிடையிலான கைமாற்றமே. கைப்பேசி தன்னைச் சுற்றியுள்ள கோபுரங்களின் அலை வலிமையை அளந்துகொண்டே இருக்கும். ஒன்று மங்கி இன்னொன்று வலுக்கும்போது, இணைப்பு அடுத்த கோபுரத்துக்கு மாற்றிவிடப்படும். நிலைக்கு நிலை பை மாற்றிய தபால் முறையை இது ஒத்தது. அடுத்த நிலையில் ஆள் இல்லையென்றால் பை நின்றுவிடும். அடுத்த கோபுரம் எட்டவில்லையென்றால் ‘சிக்னல்’ போய்விடும்.

செஞ்சி போன்ற பாறை மலைகள் சூழ்ந்த இடத்தில் இன்னொரு தடையும் உண்டு. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள் தொலைவு செல்லும்; தடைகளை ஓரளவு வளைந்தும் கடக்கும். 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகள் மிகுதியான தகவலைச் சுமக்கும். ஆனால் எளிதில் மறைபடும். கோபுரம் மலைக்கு ஒரு பக்கமும் வண்டி மறுபக்கமும் நின்றால், மலையின் நிழலில் வெயில் படாதது போல அலையும் படாது. மலையுச்சியில் கோபுரம் வைத்துவிடலாமே என்றால், கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. நானூறு ஆண்டுகளுக்கு முன் காவல் வீரர் நின்று சுற்றுவட்டாரத்தைக் கண்காணித்த உச்சி, இன்றைய அலைகளுக்கு உதவ இயலாது. ஊருக்குள் நிற்கும் கோபுரங்களையே நம்ப வேண்டும்.

ரயில் தந்த பாடம்

வண்டியில் தனிக் கருவி வைப்பது நல்லதா, வழியில் நிலையான வசதி செய்வது நல்லதா என்னும் கேள்விக்கு இந்திய ரயில்வேயின் அனுபவம் தெளிவான விடை தருகிறது. ஹவுரா ராஜதானி விரைவு ரயிலில் செயற்கைக்கோள் வழியாக வைஃபை வழங்கும் சோதனை 2013-இல் தொடங்கியது. செலவு மிகுந்ததால் அது கைவிடப்பட்டதாக 2021-இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மாறாக, 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில் நிலைய வைஃபை, ரெயில்டெல் நிறுவனத்தின் வழியாக 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியது. ஓடும் ரயிலில் தோற்றது நிற்கும் நிலையத்தில் வென்றது.

சட்டமும் கருவிகளும்

மேலை நாட்டு வீட்டு ஊர்திகளில் கூரையின்மேல் அலைபெருக்கி பொருத்துவது வழக்கம். இந்தியாவில் தனிநபர் உரிமமின்றி ‘பூஸ்டர்’ எனப்படும் அலைபெருக்கியை வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். ஒருவருக்கு வலுவூட்டும் கருவி, தவறாக அமைந்தால், கோபுரத்தின் பணியைக் குலைத்து ஊரார் அனைவரின் இணைப்பையும் கெடுக்கக்கூடும் என்பதே காரணம். செயற்கைக்கோள் தொலைபேசியையும் அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது. இதையறியாமல் கொண்டுவந்து சிக்கிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025-இல் செயற்கைக்கோள் வழிச் சேவைக்கான உரிமம் வழங்கப்பட்டது.

எனவே பயணி செய்யக்கூடியவை எளியவை: வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் அட்டைகள், முன்னதாகவே இறக்கி வைத்த நிலப்படங்கள், மலையின் நிழலில் நிற்காமல் திறந்தவெளியில் வண்டியை நிறுத்தும் பழக்கம்.

யாருக்கு இழப்பு?

சுற்றுலாப் பயணிக்கு இணையம் போனால் ஒரு மாலைப்பொழுது கெடும். சாலையே பிழைப்பாக உள்ளவருக்கு அது கூலி இழப்பு. 2018 முதல், ரூ. 50,000-க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்ல மின்வழிச் சீட்டு தேவை. வண்டி பழுதாகிச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், புதிய வண்டியின் எண்ணை இணையத்தில் பதிந்தாக வேண்டும். அலை எட்டாத இடத்தில் பழுதாகி நின்றால், ஓட்டுநர் கிளம்பவும் முடியாது; அலுவலகத்தாருக்குச் சொல்லவும் முடியாது.

பேரிடர்க் காலத்தில் நிலைமை இன்னும் கடுமை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டச் சாலைகள் பல துண்டிக்கப்பட்டன. இத்தகைய வேளைகளில் மின்சாரம் நின்றால் கோபுரம் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் சில மணி நேரமே தாங்கும். வழியில் சிக்கியவரின் கைப்பேசியில் மின்னூட்டம் இருந்தாலும், கோபுரத்தில் இல்லையெனில் பயனில்லை.

இக்குறையைப் போக்கும் முயற்சிகளும் பொது வசதியைப் பெருக்குவனவாகவே உள்ளன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கம்பி கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனம் செயல்படுத்துகிறது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.-வாணி திட்டத்தின்படி, தேநீர்க் கடைக்காரரும் தனி உரிமமின்றிப் பொது வைஃபை வழங்கலாம். இதனைப் பழைய எஸ்.டி.டி. பூத்தின் வாரிசு எனலாம். அரசு நிதியில் அமைந்த 4ஜி கோபுரங்களை வெவ்வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் பகிர்ந்து பயன்படுத்தும் முறை 2025 ஜனவரியில் தொடங்கியது.

அஞ்சலகம், பூத், பிரவுசிங் சென்டர், கோபுரம் ஆகிய யாவும் ஊரில் நிலையாக இருப்போருக்காக ஏற்பட்டவை. வழிப்போக்கர் அவற்றை இரவல் பெற்றுப் பயன்படுத்தினர். அனந்தபுரத்து மாணவர் வீட்டில் பாடம் படிக்கத் தடையில்லாத இணையம் இருந்தால், அவ்வூர்ச் சாலையில் நிற்கும் லாரிக்கும் அது கிடைக்கும். அந்த மாணவருக்கு அலை எட்டவில்லையென்றால், எத்தனை விலையுள்ள வண்டியில் வந்தவருக்கும் எட்டாது.