ஒற்றியூர் வண்டி ஒட்டிக்கொண்டது ஏன்?

திருவொற்றியூர் என்றதும் இப்பக்கங்களின் வாசகர்களுக்கு ஆதிபுரீசுவரர் கோயிலும், அங்கே பாணினியின் இலக்கணம் கற்பிக்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டுகளும்தாம் நினைவுக்கு வரும். நாமும் அவ்வூருக்கு அவற்றைத் தேடியே பலமுறை சென்றிருக்கிறோம். அதே ஊரில் உருவான ஓர் இரும்பு ஆவணத்தைப் பற்றி இம்முறை எழுத நேர்ந்ததற்கு நண்பர் ஒருவரின் தந்தையாரே காரணம். 1974இல் அவர் வாங்கிய 350 சிசி புல்லட், அவர் மறைந்தபின் ஆறாண்டுகள் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டது. அதை ஓடவைக்க வேண்டும் என்று நண்பர் அழைத்தார். கல்வெட்டுப் படியெடுப்பவர்களுக்கு இங்கென்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு ஸ்பேனருடன் சென்றோம்!

கார்புரேட்டரைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றியதும் இஞ்சின் உயிர்பெற்றது. கிளட்ச் பிடியை அழுத்திக்கொண்டு முதல் கியரைப் போட்டதுதான் தாமதம், வண்டி ஓர் எகிறு எகிறி அணைந்துபோனது. கிளட்ச் பிரியவில்லை. உடனிருந்த இளைஞர் ஒருவர், கிளட்சை மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடலாம் என்றார். நண்பர் பதில் சொல்லவில்லை. அந்தத் தட்டுகள் அவர் தந்தையார் தம் கையால் பலமுறை கழற்றி மாட்டியவை என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. பழையதைக் காப்பாற்ற முடியுமா என்ற வினாவுக்கு விடை காண வேண்டுமானால், அது என்ன பொருள், ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதை அறிந்தாக வேண்டும்.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கிளட்ச் என்பதே கிடையாது. இஞ்சினையும் பின்சக்கரத்தையும் ஒரு தோல்பட்டை நேரடியாகப் பிணைத்திருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, இஞ்சின் வெடிக்கத் தொடங்கியதும் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். வண்டி நின்றால் இஞ்சினும் நின்றுவிடும். மேடு வந்தால் மிதிகட்டையை மிதிக்க வேண்டும். 1907இல் மான் தீவில் நடந்த முதல் டிடி பந்தயத்தில்கூட மிதிகட்டைகளுக்கு அனுமதி இருந்தது. 1911இல் பந்தயம் ஸ்னேஃபெல் மலைமீது ஏறி இறங்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்ப் பாதைக்கு மாற்றப்பட்டது. மலை யாருக்கும் சலுகை காட்டுவதில்லையே! அவ்வாண்டு சீனியர் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அமெரிக்காவின் இண்டியன் வண்டிகள் கைப்பற்றின. ஓட்டியவர்கள் காட்ஃப்ரே, ஃபிராங்க்ளின், மூர்ஹவுஸ். அவ்வண்டிகளில் சங்கிலியும் இரண்டு வேகப் பல்சக்கரப் பெட்டியும் கிளட்சும் இருந்தன. பட்டை வண்டிகளின் காலம் முடியத் தொடங்கியது அந்த மலையில்தான் என்பது நம் துணிபு.

கிளட்சின் உள்ளமைப்பு எளியது. இஞ்சினோடு சுழலும் தட்டுகளும், கியர்பெட்டியோடு சுழலும் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வில்கள் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும். பிடியை அழுத்தினால் வில்கள் விலகி, தட்டுகள் பிரியும். தட்டுகள் எதற்காகப் பல? ஒரே தட்டாக இருந்தால் அது மிகப் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது மனிதக் கையால் அழுத்த முடியாத வலிய வில் வேண்டும். உரசும் பரப்புகள் பெருகப் பெருக, சிறிய வட்டத்துக்குள் மெல்லிய வில்லைக் கொண்டே இஞ்சினின் வலிமையைத் தாங்கிவிடலாம். கையிலிருந்து கிளட்சுக்குச் செல்லும் கம்பியும் இதே காலத்தின் கொடைதான். எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் 1896இல் காப்புரிமை பெற்ற உறைக்கம்பி அது. மிதிவண்டி பிரேக்குக்குப் பயன்பட்டுப் பின்னர் இங்கு வந்து சேர்ந்தது.

ஆனால் பரப்புகள் பெருகினால் ஒட்டிக்கொள்ளும் இடங்களும் பெருகும் அல்லவா? புல்லட்டின் தட்டுகள் எண்ணெயில் இயங்குபவை. வண்டி நெடுநாள் நின்றால், வில்களின் நெருக்கலில் தட்டுகளுக்கிடையே எஞ்சிய எண்ணெய் பிசினாகிவிடும். ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் வராது, வெந்நீரில் வைத்தால் வந்துவிடும்.

இந்த அமைப்பு நம்மூருக்கு வந்த வழி சுவையானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, திருவொற்றியூரிலேயே பாகங்கள் உருவாயின. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி முற்றிலும் நின்றுபோனது. ஒற்றியூர் நிற்கவில்லை. 1977இல் அதே இங்கிலாந்துக்கு இங்கிருந்து புல்லட்டுகள் ஏற்றுமதியாயின! பர்மிங்காமின் ஆல்பியன் வகைக் கியர்பெட்டியும் அதனோடிணைந்த கிளட்சும் பிறந்த மண்ணில் மறைந்தபின்னும் வடசென்னையில் வாழ்ந்தன.

பழைய புல்லட்காரர்கள் காலையில் பிடியை அழுத்திக்கொண்டு நான்கைந்து முறை கிக்கரை மிதிப்பார்கள். நாம் அதைச் சாமி கும்பிடுவதைப் போன்ற ஒரு சம்பிரதாயம் என்றே எண்ணியிருந்தோம். காரணம் ஆல்பியன் பெட்டியில் இருக்கிறது. அதில் மிதியின் விசை கியர்பெட்டியிலிருந்து கிளட்ச் வழியாகத்தான் இஞ்சினை அடைகிறது. ஆகவே பிடியை அழுத்தி மிதிக்கும்போது கிளட்ச் பிரிந்திருந்தால் இஞ்சின் சுழலாது. சுழன்றால் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். இதைவிட எளிய சோதனை வேண்டுமா? மிதிக்க மிதிக்கத் தட்டுகள் விடுபடும் என்பதால் மருந்தும் அதுவே.

நாம் முதலில் கம்பியைப் பார்த்தோம். அது உறைக்குள் துருப்பிடித்திருந்தாலும் பிடியில் ஆட்டம் மிகுந்திருந்தாலும், தட்டுகள்மேல் வீண்பழி விழும். கம்பியில் குறையில்லை. இஞ்சினை நியூட்ரலில் கால்மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி அணைத்தோம். நான்காம் கியரில் வைத்து, பிடியை அழுத்தியபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தோம். பிரியவில்லை. பிடியைக் கயிற்றால் கட்டி இரவு முழுதும் விட்டுப் பார்த்தோம். காலையிலும் அதே கதை. தெருவில் ஓட்டியபடியே ஆக்சிலேட்டரை முறுக்கி உதறிப் பிரிக்கும் வழியும் உண்டு. குறுக்கே வரும் ஆட்டுக்கும் ஆளுக்கும் அஞ்சி அதை விட்டுவிட்டோம்.

தெருமுனையில் பட்டறை வைத்திருந்த பெரியவரை அழைத்தோம். திருப்புளியும் சுத்தியுமாக அமர்ந்திருந்த நம்மைப் பார்த்தவர், "தம்பிகளா, அடிக்காதீங்க. ஒட்டித்தான் இருக்கு, உடையல" என்றார். இடப்புறக் கால்தாங்கியையும் பிரேக் மிதியையும் கழற்றி, கீழே தட்டம் வைத்து, மூடியின் ஒற்றை நட்டைத் திருகினார். எண்ணெய் கருத்த பாகாக வழிந்தது. வில்களைப் பிடித்திருந்த மூன்று திருகாணிகளையும் ஒன்றை முழுதாகக் கழற்றாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். தட்டுகள் ஒரே கட்டியாக வெளிவந்தன. சுத்தியால் தட்டியிருந்தால் அவற்றின் ஓரப் பற்கள் முறிந்திருக்கும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்ததும் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வந்த வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கினோம். பழைய உரசுபட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும், அதன் தூசி நுரையீரலுக்குப் பகை. எனவே அவற்றை உலரத் தேய்க்காமலும் ஊதாமலும் ஈரத்துணியால் துடைத்தோம். எஃகுத் தட்டுகளைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து வளைவு பார்த்தோம். ஒன்று மட்டும் ஆடியது. அதற்கு மாற்றுத் தட்டு வாங்கினோம். மற்றவை அனைத்தும் அப்பாவுடையவையே. இரண்டாம் தட்டின் ஓரத்தில் அரத்தால் போட்ட சிறு கீறல் ஒன்று இருந்தது. அடுக்கும் வரிசைக்காக அப்பா இட்ட அடையாளம் என்று நண்பர் சொன்னார். எழுத்தமைதி பார்த்துக் காலம் கணிக்கும் நமக்கு இதைப் படிக்க அவர் தேவைப்பட்டார்.

பூட்டி முடித்துப் புது எண்ணெய் ஊற்றினோம். நண்பர் பிடியை அழுத்திக்கொண்டு கிக்கரை மிதித்தார். கால் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது, இஞ்சின் அசையவே இல்லை. கிக்கர் உதைத்தும் இஞ்சின் சுழலவில்லை என்று கைதட்டிய கூட்டத்தை அத்தெரு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கும்!