வன்னியில் வாடகை அறை: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் வரிசையாலும் போர்க்களங்களாலும் மட்டும் அறிதல் இயலாது. மக்கள் எவ்வாறு குடியிருந்தனர், அக்குடியிருப்புக்கு எவ்வாறு பொருள் தேடினர் என்பனவும் வரலாற்றுக்குரிய வினாக்களே. சொந்த வீட்டின் ஓர் அறையைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு, அவ்வருவாயால் வீடு கட்டிய கடனை அடைக்கும் வழக்கம் வன்னிப் பெருநிலத்தில் வேரூன்றியவாற்றை ஈண்டு நோக்குவாம்.

பழைய வன்னி, நிலம் மிகுந்து ஆள் அருகிய நாடு. 1895 இல் வெளிவந்த லூயிஸ் என்பாரின் வன்னிக் கையேட்டைப் பயில்வோர் இதனை அறிவர். மண்ணும் மரமும் கிடுகும் கொண்டு, உறவினர் கைத்துணையால் வீடு எழும்பிய அக்காலத்தில் வீட்டுக் கடனுக்கு இடமில்லை. வழிப்போக்கருக்குத் திண்ணை இருந்தது; அதற்கு விலை இருந்ததில்லை.

1905 இல் கொழும்பு–யாழ்ப்பாண இருப்புப் பாதை முழுமையுற்றது. பின்னர் இரணைமடுக் குளத்தை அண்டிக் குடியேற்றங்கள் எழுந்தன. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரக் காணி பெற்றோர் பலர். அக்காணியை விரும்பியவாறு விற்கவோ ஈடு வைக்கவோ சட்டம் இடந்தரவில்லை. இவ்வுண்மை பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ளுதற்கு இன்றியமையாதது.

1995 இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர, அவருள் பலர் வன்னியை அடைந்தனர். 1996 இல் கிளிநொச்சி மக்களும் நகரை விட்டகன்றனர். அந்நாளில் ஒரு வளவிற் பல குடும்பங்கள் ஒதுங்கின. 2009 இல் போர் முடிவுற்றபோதோ ஒதுங்க இடங்கொடுத்த வீடுகளே பெரும்பாலும் அழிந்து கிடந்தன. மக்கள் மெனிக் பாம் முகாம்களில் இருந்தனர்.

மீள்குடியேற்றத்தின் பின் வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபாய் தவணை முறையில் வழங்கப்பெற்றது. சீமெந்தும் மணலும் விலையேற, அத்தொகை போதாமற் பலர் நகையை அடகு வைத்தனர், கடனும் பட்டனர். கல்வீடு வந்தது, கடனும் உடன் வந்தது.

இந்நிலையில் அறை தேடுவோரும் வந்தனர். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் அமைந்தன. 2013 இல் புகைவண்டி மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. 1997 இல் நிறுவப்பெற்ற வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவரும் உத்தியோகத்தரும் வாடகை அறையை நாட, போரிற் கணவனை இழந்த பெண்கள் பலருக்கு வீடே ஒரு வருவாயாயிற்று.

இதனைப் பழைய ஒத்தி முறையோடு ஒப்பிடல் தகும். 1707 இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை கூறும் ஒத்தியில், நிலம் கடன் கொடுத்தோன் கைக்குச் செல்லும்; அதன் விளைவே அவனுக்கு வட்டி. வாடகை அறையிலோ வீடு உடையவர் கையிலேயே நிற்க, அதன் பயன் மட்டும் கடனை அடைக்கின்றது. காணியை ஈடு வைக்க இயலாத குடும்பத்துக்கு, காணியை இழவாது பணங்காணும் வழி இதுவன்றி வேறு அதிகமில்லை.

ஆயினும் இவ்வழி இடரற்றதன்று. பல்கலைக்கழக விடுமுறையில் அறை வெறிதாகும். கடன் தவணைக்கோ விடுமுறை இல்லை. வாய்ச்சொல்லால் மட்டும் முடியும் ஒப்பந்தத்தில் முற்பணம் பற்றிய பிணக்கு இரு பாலாரையும் வருத்தும். ஆதலின் வாடகை, முற்பணம், நீங்குதற்கு முன் அறிவிக்க வேண்டிய காலம் ஆகிய மூன்றையும் எழுதிக் கையொப்பமிடுதல் நன்று. அது நம்பிக்கைக் குறைவன்று. உறவு கெடாமற் காக்கும் வேலியாம்.

விலையின்றித் திண்ணை தந்த நாடு இன்று அறைக்கு வாடகை பெறுவதைக் கண்டு விருந்தோம்பல் மறைந்ததென வருந்துவாருளர். எல்லாம் இழந்த ஒரு குடும்பம் தன் கூரையைத் தானே காத்துக்கொள்ளும் முயற்சி அது எனக் கொள்ளுதலே வரலாற்றுக்குப் பொருந்துவதாகும்.