புல்வெட்டியின் நுனி

புல்வெட்டும் மிஷினின் இன்ஜின் எல்லா வேலைக்கும் ஒன்றுதான். குழாயின் நுனியில் தங்கூசி உருளையைப் பூட்டினால் புல் அறுக்கும், இரும்புத் தகட்டைப் பூட்டினால் புதரைச் சாய்க்கும். தோட்டத்து வரலாறு பேசுகிறவர்கள் இந்த நுனியைக் கவனிப்பதில்லை. கைவேலையை மிஷின் ஒழித்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மலேசியாவில் கோல சிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரையுள்ள தோட்டங்களின் கதை அப்படி நடக்கவில்லை. நுனியில் என்ன இருக்க வேண்டும் என்பதை லாலாங் புல்லின் வேரும் ரப்பரின் பட்டையும் செம்பனையின் உதிரிப்பழமும்தான் முடிவு செய்தன. இன்ஜின் பிறகு வந்து சேர்ந்தது.

லாலாங்கை எத்தனை முறை அறுத்தாலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து திரும்ப முளைக்கும். ஆகவே ரப்பர் தொடங்கிய காலத்தில் மண்வெட்டிதான் ஆயுதம். ஒரு புல்கூட இல்லாமல் தரையை மொட்டையாக வைத்திருப்பதே நல்ல நிர்வாகம் என்று துரைமார் நம்பினார்கள். மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போன பிறகுதான் புத்தி வந்தது. 1930-களுக்குள் அவரையினக் கொடிகளைத் தரைமூடியாகப் படரவிடும் வழக்கம் பரவியது. சுங்கை பெசார் பக்கத்து வயல்களில் கனத்த வளைதகடு கொண்ட தாஜாக்கை வீசிச் சேற்றுப்புல்லைச் சாய்த்தார்கள். அங்கே கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது தண்ணீர். ரப்பர் காட்டிலோ பட்டை. பால் ஊறுவது பட்டையில்தான். இளமரத்தின் அடியைச் சுழலும் தங்கூசி சுற்றிச் சீவிவிட்டால் மரமே பட்டுப்போகும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் 1971-இல் ஒரு தகரடப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டுக் கண்டுபிடித்த கருவி வீட்டுத் தோட்டத்துக்கு வரமாக இருக்கலாம். பால்மரத்துக்கு அது எமன். அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுக்கு முன்பே சந்தைக்கு வந்திருந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி, பச்சையாக உள்ளதை மட்டும் கருக்கிவிட்டு முதிர்ந்த பழுப்புப் பட்டையை விட்டுவிடும். ரப்பருக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல முதுகுப் பம்பின் மூக்கு அந்த வேலையில் பொருந்திக்கொண்டது.

செம்பனைக்கு இந்தப் பட்டைக் கவலை இல்லை. பெயரில் தென்னையைத் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை அருகே, 1917-இல் ஹென்ரி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பனையினத்து மரம் என்பதால் அடியைத் தங்கூசி உரசினாலும் முதிர்ந்த மரம் சாகாது. அப்படியானால் ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் மருந்தடிப்பு நின்றிருக்க வேண்டுமே? நிற்கவில்லை. பழுத்த குலையிலிருந்து உதிரும் பழங்கள் மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்தில் விழும். அறுத்த புல் அங்கேயே கிடந்தால் பழம் அதற்குள் மறைந்துவிடும். மருந்து பட்ட வட்டம் வெறுந்தரையாகக் கிடப்பதால் பொறுக்குவது சுலபம்.

இதெல்லாம் சுற்றிவளைப்பு, மலிவான கூலிதான் காரணம் என்று ஒருவர் மறுக்கலாம். பாதி சரி. பம்பு யார் முதுகில் ஏறியது என்பதற்கு விடை கூலிதான். அதைச் சுமந்தவர்களில் பெரும்பங்கு பெண்கள், அவர்களில் தமிழ்ப்பெண்கள் ஏராளம். அவர்களது தோல், கண், மூச்சுக் கோளாறுகளைத் தெனாகானித்தா அமைப்பின் ஆய்வு 2002-இல் வெளிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு பாராகுவாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தடை 2006-இல் தளர்த்தப்பட்டது. முழுத்தடைக்கு 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கூலி ஒன்றே காரணமென்றால், அதே மலிவான கைகளில் மண்வெட்டியே நீடித்திருக்கலாம். பட்டையும் பழமும் கேட்டதைக் கொடுத்ததால்தான் பம்பு மண்வெட்டியை ஓரங்கட்டியது.

இன்ஜின் செம்பனையில் தனக்கென ஓர் இடம் பிடித்தது புல்லை விட்டுக் குலைக்கு ஏறியபோதுதான். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய ‘சந்தாஸ்’, புல்வெட்டியைப் போலவே சிறு பெட்ரோல் இன்ஜினும் நீண்ட குழாயும் கொண்டது. நுனியில் தங்கூசிக்குப் பதில் அரிவாள் அல்லது உளி அதிரும். உயரம் குறைந்த மரங்களில் மட்டையையும் காம்பையும் நறுக்கும். குலை தொப்பென்று விழும்போது பழங்கள் வட்டமெங்கும் சிதறுகின்றன. அவற்றைச் சேகரிக்க மிஷின்கள் சில வந்தும், இன்னமும் பெரும்பாலும் ஓர் ஆள் குனிந்து கையால் கூட்டி, சருகைத் தட்டிவிட்டுச் சாக்கில் போடுகிறார்.