பிணை நிற்பவர் யார்? சின்னக்கானல் லயங்களும் இணையவழி வேலை தேடலும்

விடிந்தும் விடியாத நேரத்தில் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல், பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஜீப்பில் ஓர் இடம் கிடைக்க விளம்பரமோ விண்ணப்பமோ தேவையில்லை. ஊருக்குள் ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டி, "இவ நம்ம பொண்ணு, நல்லா வேலை செய்வா" என்று சொன்னால் போதும். அதே கொண்டையூசி வளைவுகளில், எதிர்த்திசையில், லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளில் வளர்ந்தவர்கள், பட்டம் படிக்கப் போடிக்கும் தேனிக்கும் மதுரைக்கும் இறங்குகிறார்கள். படித்து முடித்தபின் இவர்களைக் காட்டி அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வேலை தேடுபவருக்கு இன்று கிடைக்கும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான்: லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கு, சுயவிவரத்தைச் செம்மையாக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கும் இணைப்பு வேண்டுகோள் அனுப்பு. புலம்பெயர்ந்த திறனாளருக்கு இந்த அறிவுரை இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. புது ஊரில் சொந்தபந்தம் இல்லாத குறையை இணையம் தீர்க்கும் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை. இதில் ஒரு பிழை ஒளிந்திருப்பதாக நான் கருதுகிறேன். வேலைச்சந்தையில் தொடர்பு என்பது இரண்டு வெவ்வேறு பண்டங்களைச் சுமந்து வருகிறது. ஒன்று தகவல், மற்றொன்று பிணை. இணையம் தகவலை மலிவாக்கியது. பிணையை அதனால் அப்படி மலிவாக்க முடியவில்லை. ஆகவே தொழில்சார் வலைத்தளம் இரண்டாவது வேலைக்கு உதவும் அளவுக்கு முதல் வேலைக்கு உதவுவதில்லை. லயத்துப் பட்டதாரியின் சிக்கலோ முதல் வேலையில்தான்.

பிணை என்ற சொல்லை மலைத்தோட்டங்களின் வரலாற்றிலிருந்தே எடுக்கிறேன். மூணாறு அடங்கிய கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. மலையில் ஆள் இல்லை, சமவெளியில் பஞ்சமும் கடனும் இருந்தன. இந்த இரண்டையும் இணைத்தவர் கங்காணி. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் ஊர்களுக்குப் போய், பெரும்பாலும் தன் சாதிக்குள்ளும் உறவுக்குள்ளும், முன்பணம் கொடுத்து ஆள் கட்டினார். மலையில் வேலை இருக்கிறது என்பது வெறும் செய்தி. அது ஊர்ச்சந்தையிலேயே கிடைக்கும். கங்காணி விற்ற பண்டம் வேறு. துரையிடம் "இவன் ஓடமாட்டான்" என்றும், தொழிலாளியிடம் "துரை கூலி கொடுப்பான்" என்றும் இரு பக்கமும் பிணை நின்றார். அந்தப் பிணைக்கு விலையாகத் தொழிலாளியின் கடனையும் வாழ்வையும் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கொடுமையை பி. எச். டேனியலின் 'ரெட் டீ' (தமிழில் 'எரியும் பனிக்காடு') ஆனைமலைத் தோட்டங்களை வைத்துச் சொல்லியிருக்கிறது. இங்கே அதை விரிக்கப் போவதில்லை.

இலங்கைத் தோட்டங்களில் இது காகிதமாகவே புழங்கியது. 'துண்டு' என்பார்கள். ஒரு கங்காணியும் அவர் ஆட்களும் எவ்வளவு கடனில் இருக்கிறார்கள், எவ்வளவு செலுத்தினால் அவர்களை விடுவிக்கலாம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தத் தொகையை அடைக்கும் தோட்டம் அந்த ஆட்களைப் பெறும். 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்ட இந்தத் துண்டை அடிமைச்சீட்டு என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அதன் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். தொழிலாளியைப் பற்றி இன்னொருவர் எழுதுகிறார், எழுதியவரின் பெயருக்கு மதிப்பு இருக்கிறது, படிப்பவர் அந்தப் பெயரை நம்பிக் காசை வைக்கிறார். இன்றைய சுயவிவரம் இதற்கு நேர்மாறு. வேலை தேடுபவரே தன்னைப் பற்றி எழுதிக்கொள்கிறார். சுதந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதும் சீட்டை நம்பி எவரும் காசு வைப்பதில்லை.

சின்னக்கானல் இளைஞரைப் 'புலம்பெயர்ந்தவர்' என்பது பொருந்துமா? எல்லை தாண்டிப் போனவர்கள் அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள்தானே? பொருந்தும், அதுவும் இருமடங்கு. மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெருமளவில் இருந்தும் பசல் அலி ஆணையம் அவற்றைக் கேரளத்தோடு வைக்கவே பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1க்குப் பின் மலைத்தமிழர் இருந்த இடத்திலேயே மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கேரளத்து முகவரி அவர்களை வெளிமாநிலத்தார் ஆக்குகிறது. கேரளத்திலோ, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே முன்னோர் அங்கு குடியிருந்ததைக் காட்டினால்தான் பட்டியல் சாதிச் சான்றிதழ். மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தவரிடம் பட்டா ஏது? வீடு தோட்டத்துடையது, ரேஷன் அட்டை பிற்காலத்தது. மலைத்தோட்டத் தலித் மக்கள் இப்படி இரு மாநிலத்துக்கும் நடுவே நழுவி விழுவதை, பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்த மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ், 2022இல் வெளிவந்த 'பிளான்டேஷன் கிரைசிஸ்' நூலில் நுணுக்கமாக எழுதியிருக்கிறார்.

இதோடு லயத்தின் கணக்கும் சேர்கிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டை வேலையோடு கட்டிப்போட்டது. அம்மா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். எனவே பட்டதாரி மகளுக்கு வேலை தேடிக்கொண்டிருக்கக் கிடைக்கும் காலம் அம்மாவின் ஓய்வு நாளால் அளக்கப்படுகிறது. ஆறு மாதம் பொறுத்துத் தொடர்புகளை வளர்த்துக்கொள் என்ற அறிவுரை, வாடகையில்லாத சொந்த வீட்டில் இருந்துகொண்டு தேடுபவருக்கானது.

இப்போது கோட்பாட்டுக்கு வருவோம். இணையத் தொடர்புகளின் பெருமை பேசுவோர் தவறாமல் மேற்கோள் காட்டும் பெயர் மார்க் கிரானோவெட்டர். நெருங்கிய உறவைவிட அரைகுறைப் பழக்கமே வேலை பெற்றுத் தருகிறது என்று 1973இல் எழுதினார். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும், எட்ட இருப்பவருக்கு வேறு உலகம் தெரியும் என்பது வாதம். அவருடைய சான்று மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரில் திரட்டப்பட்டது. தொடர்பு வழியே வேலை பெற்றவர்களில் 16.7 விழுக்காட்டினரே அந்த நபரை அடிக்கடி சந்தித்தவர்கள், 27.8 விழுக்காட்டினர் அரிதாகவே சந்தித்தவர்கள். ஆனால் இந்த எண்களுக்குப் பின்னாலிருந்த மனிதர்கள் யார்? அண்மையில் வேலை மாறிய தொழில்முறை, தொழில்நுட்ப, நிர்வாகப் பணி ஆண்கள். வேலைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டவர்கள். பழைய அலுவலகத்தில் அவர்கள் வேலை செய்ததை யாரோ பார்த்திருந்தார்கள். அரைகுறைப் பழக்கம் என்றாலும் அது கண்ணால் கண்ட பழக்கம்.

2022 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதைப் பேரளவில் சோதித்தது. 'நீங்கள் அறிந்திருக்கக்கூடியவர்கள்' என்று லிங்க்ட்இன் காட்டும் பரிந்துரைகளை ஐந்தாண்டுக் காலம் மாற்றி மாற்றிக் காட்டி, இரண்டு கோடிக்கு மேற்பட்ட பயனர்களிடம் அதன் விளைவை அளந்தார்கள். அரைப் பழக்கம் உண்மையிலேயே வேலைமாற்றத்துக்குக் காரணமாகிறது என்பது நிறுவப்பட்டது. ஆனால் மிக மெலிந்த பழக்கம் அவ்வளவு பயன்படவில்லை. ஏறத்தாழ பத்துப் பொது நண்பர்கள் உள்ள தொடர்பே உச்சப் பயன் தந்தது. கணினிமயமான துறைகளில் மெலிந்த பழக்கமும், அப்படி இல்லாத துறைகளில் நெருங்கிய பழக்கமும் உதவின. இந்த ஆய்வைப் பலர் இணையத்தின் வெற்றியாகப் படிக்கிறார்கள். எனக்கோ அந்தப் பத்துதான் கண்ணில் உறுத்துகிறது. முன்பின் தெரியாத ஒருவரோடு பத்துப் பொது நண்பர்கள் இருப்பதென்றால், அந்த உலகத்துக்குள் ஒரு கால் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். பத்துப் பேர் சேர்ந்து கொடுக்கும் மௌனமான பிணை அது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்வோம். சூரியநெல்லிப் பக்கத்து லயமொன்றில் பிறந்து, கணினி அறிவியல் படித்துமுடித்த பெண். கணக்குத் தொடங்கும்போதே முதல் தடை, குடும்பப்பெயர் கேட்கும் கட்டம். நம் வழக்கில் அதற்கு அப்பா பெயரைப் போடுவோம். அப்பா பெயர் சில வேளை ஊரையும் சாதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67 ஆக இருந்தது. கடல் கடந்தாலும் கதை பெரிதாக மாறவில்லை. டொராண்டோவில் பிலிப் ஓரியோபொலஸ் ஏறக்குறைய 13,000 விண்ணப்பங்கள் அனுப்பிச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்விலும் ஆங்கிலப் பெயர்களே கூடுதல் அழைப்பு பெற்றன; இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்கள் பின்தங்கின. வெறும் சுயவிவரம் மட்டும் பேசும் இடத்தில், பெயர் முந்திக்கொண்டு பேசிவிடுகிறது.

நம் பெண் அடுத்ததாகத் தன் தொடர்புகளைச் சேர்க்கப் பார்க்கிறாள். வகுப்புத் தோழிகள், அண்ணன்முறைக்காரர் இருவர். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மற்றவர் கோவையில் வொர்க்ஷாப்பில். இந்த அண்ணன்கள் இருவருக்கும் தளத்தில் கணக்கே இராது. அவர்கள் தரக்கூடிய பிணை உண்மையானது, உறுதியானது, ஆனால் தையல் மேசைக்கும் லேத்துக்கும்தான் செல்லும். பட்டம் படித்தவர் திருப்பூரிலேயே போய் நிற்பதைப் பலர் தன்னம்பிக்கைக் குறைவு என்கிறார்கள். பிணை செல்லுபடியாகும் இடத்துக்குப் போகிறார் என்பதே சரி. லிங்க்ட்இன்னில் 'பரிந்துரை' என்றொரு பகுதி உண்டு, மற்றவர் நம்மைப் பற்றி எழுதுவதற்கு. துண்டுக்கு மிக நெருங்கிய பகுதி அதுதான். அவள் கணக்கில் அது வெறுமையாகக் கிடக்கும். ஐ.டி. நிறுவனங்களில் நடப்பதோ 'ரெஃபரல்'. உள்ளே இருப்பவர் ஆளைக் காட்டுகிறார், ஆள் சேர்ந்தால் அவருக்குப் போனஸும் கிடைக்கிறது. இதைக் கங்காணி ஆள் கணக்கில் பெற்ற தலைக்காசோடு ஒப்பிட்டால் மனிதவளத் துறையினர் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் ஒப்பிடத்தான் வேண்டும்.

எதிர்வாதம் உண்டு, வலுவானதும்கூட. கங்காணியின் பிணை தொழிலாளியைக் கட்டிப்போட்டது, இணையமோ அவரை விடுவிக்கிறது. எந்த நாட்டில் எந்தச் செவிலியர் தேர்வு, எந்த மொழியில் எந்த நிலை, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் முன்பு ஏஜென்டின் சட்டைப்பையில் இருந்தன. இன்று கைப்பேசியில் உள்ளன. இது உண்மை. தகவலின் ஏகபோகம் உடைந்ததை நான் சிறிதாக மதிக்கவில்லை. ஆனால் தகவல் பெருகும் இடத்தில் பிணையின் தட்டுப்பாடு இன்னும் கூர்மையாகிறது. நூறு விண்ணப்பம் வந்த இடத்துக்கு ஆயிரம் வந்தால், தேர்பவர் தெரிந்த பெயரையே தேடுவார். போலிப் பிணைக்கும் அங்கேதான் சந்தை உருவாகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று இணையவழி அழைக்கப்பட்டு, மியான்மரின் மியாவடியில் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்வது எளிது. அவர்கள் ஏமாந்தது தகவலில் அல்ல. சம்பளம், ஊர், விமானச்சீட்டு எல்லாம் கையில் இருந்தன. எதிர்முனையில் இருந்தவருக்கு யார் பிணை என்பதே தெரியாமல் போனது.

அப்படியானால் கங்காணியில்லாத பிணை சாத்தியமா? கேரளமே ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்திருக்கிறது. ஜெர்மானிய வேலைவாய்ப்பு முகமையோடு, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஒப்பந்தம் செய்து நடத்தும் 'ட்ரிபிள் வின்' திட்டத்தில், தேர்வாகும் செவிலியருக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சியைத் திட்டமே தருகிறது, செவிலியரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதில்லை. இங்கே அரசு பிணை நிற்கிறது. மருத்துவமனையிடம் "இவர் படிப்பு மெய்" என்கிறது, செவிலியரிடம் "அந்த மருத்துவமனை மெய்" என்கிறது. கங்காணி செய்த அதே இரட்டை வேலைதான், கடன் மட்டும் இல்லை. இடுக்கியின் தமிழ்ச் செவிலியருக்கும் கேரளத்தவர் என்ற முறையில் இது திறந்திருக்கிறது. லயத்து முகவரி அவருக்கு உதவும் அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று. ஜெர்மனியில் இரண்டாண்டு வேலை பார்த்தபின் அவருடைய சுயவிவரத்துக்கு உயிர் வந்துவிடும். தலைமைச் செவிலியர் ஒருவர் பரிந்துரை எழுதுவார், பத்துப் பொது நண்பர்கள் சேர்வார்கள். அதன் பிறகு கிரானோவெட்டர் சொன்னதெல்லாம் அவருக்குப் பலிக்கும்.

இதற்கிடையே மலையில் பிணையின் ஓட்டம் திசை மாறியிருக்கிறது. தமிழர் காலிசெய்யும் லயங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடியேறுகிறார்கள். முதலில் வந்தவர் ஊருக்குப் போன் போட்டு அடுத்தவரை அழைக்கிறார். வாட்ஸ்ஆப் வழியே நடக்கும் கங்காணிமுறை அது. மிக நவீனமான கருவி, மிகப் பழைய பண்டம்.

பொறியியல் பட்டதாரிக்கு ட்ரிபிள் வின் போன்ற ஒன்று இல்லை. அவருக்கு அருகில் உள்ள பிணைக்களம் கல்லூரிதான். மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடம் 2018 ஆகஸ்ட் நிலச்சரிவில் சிதைந்தது. மலையில் அந்தக் களமும் நொறுங்கியே கிடந்தது. கீழே, போடிநாயக்கனூர் அரசுப் பொறியியல் கல்லூரி 2012இல் தொடங்கியது. முதல் அணி 2016இல் பட்டம் பெற்று வெளியேறியது. அந்த அணியில் வேலைக்குப் போனவர்கள் இன்று ரெஃபரல் கொடுக்கும் இடங்களுக்கு வந்திருக்கும் வயது இது. அவர்களுக்கும், வெளிமாநிலத் தடையைத் தாண்டி அங்கே சேர்ந்து இப்போது படிக்கும் லயத்துப் பிள்ளைக்கும் இடையே விடுதியும் ஆசிரியர்களும் போடிமெட்டுப் பேருந்தும் பொதுவாக இருக்கின்றன. முகம் தெரியாத மேலாளருக்கு ஐம்பது இணைப்பு வேண்டுகோள் அனுப்பும் மாலை நேரத்தை, அந்தப் பழைய மாணவர் பட்டியலைத் துறைத்தலைவரிடம் கேட்டு வாங்குவதில் செலவிடலாம். கேட்டால் கொடுக்கும்படி அந்தப் பட்டியலை வைத்திருக்க வேண்டியது கல்லூரியின் வேலை.