பதிப்புரிமையும் இணையத் தடையும்: கொல்கத்தா, சென்னை உயர்நீதிமன்ற ஆணைகள்

முன்னுரை

இந்தியாவின் முதற் பதிப்புரிமைச் சட்டம், கொல்கத்தா கம்பெனி ஆட்சியின் தலைநகராக விளங்கிய காலத்தில், 1847ஆம் ஆண்டு இயற்றப்பெற்றது. அச்சு நூலைக் காக்கத் தோன்றிய அவ்வுரிமை இணையவெளியில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்னும் வினா, 2012இல் அந்நகரின் உயர்நீதிமன்றத்திலும் சென்னை உயர்நீதிமன்றத்திலும் எழுந்தது. அவ்விரு நீதிமன்றங்களின் ஆணைகளை ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்கத்தா ஆணை

சாகரிகா மியூசிக் முதலிய இசைத்துறை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், உரிமம் பெறாது பாடல்களை வழங்கிய 104 வலைத்தளங்களை முடக்குமாறு 387 இணைய இணைப்பு நிறுவனங்களுக்குக் கொல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. திருட்டுப் பிரதிகளால் வருவாய் இழந்த இசைத்துறைக்கு இது வேண்டிய காப்பே. எனினும், இங்குத் தடையின் அலகு பாடலன்று. தளமே என்பது கருதத்தக்கது.

சென்னை ஆணையும் விளக்கமும்

'3' என்னும் தமிழ்த் திரைப்படத்திற்காக ஆர்.கே. புரொடக்சன்ஸ் நிறுவனம், பெயர் அறியப்படாதோரை 'அசோக்குமார்' எனக் குறித்து வழக்குத் தொடுத்து, 2012இல் இடைக்காலத் தடை பெற்றது. மே மாதத்தில் இணைப்பு நிறுவனங்கள் சில, விமியோ போன்ற தளங்களை முழுவதுமாக முடக்கின. அங்குத் தம் சொந்தப் படைப்புகளை வைத்திருந்தோரும் பார்வையாளரை இழந்தனர். இதே படத்தின் 'கொலவெறி' பாடல் 2011 நவம்பரில் யூடியூப் வழியே உலகெங்கும் பரவியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஜூன் 22இல் நீதிமன்றம் தன் ஆணையை விளக்கியது. தடை, படம் வைக்கப்பட்டுள்ள குறிப்பிட்ட முகவரிக்கே உரியது. தளம் முழுமைக்கும் அன்று. அம்முகவரிகளை வழக்குத் தொடுத்தவர் 48 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். இதற்கு முந்தைய நாள் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டமும் இத்தகைய அளவையே நாடியது. உரிமையாளர் எழுத்துவழி முறையிட்டால் இடைநிலை நிறுவனம் 21 நாள் பிரதியை மறைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிடின் மீண்டும் திறக்கலாம்.

முடிவுரை

சென்னை கண்ட அளவு நிலைபெறவில்லை. 2017 ஆகஸ்டில் இந்தித் திரைப்படங்களுக்காக அதே நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால், 2,600க்கும் மேற்பட்ட தளங்களோடு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மின்னூலகமும் முடங்கிப் பின்னர் மீண்டது. பழைய தமிழ் அச்சு நூல்களின் படிகளை அங்கே தேடும் ஆய்வாளர்க்கு, எவரும் உரிமை கோராத நூல்களும் அப்போது எட்டாதனவாயின.

முகவரி மாற்றி முளைக்கும் திருட்டுத் தளங்களுக்குத் தனி முகவரித் தடை போதாது என்பதும் உண்மையே. தளத்தின் முதன்மை நோக்கம் யாதென ஆராய்ந்து முழுத் தடை வழங்கலாம் என 2019இல் டெல்லி உயர்நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இதற்கு வழிகாட்டுகிறது. அவ்வாராய்ச்சி தடைக்கு முன்னரே, பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் நிகழ்தல் வேண்டும். அதுவே படைப்பாளியின் உரிமையையும் பயில்வோரின் உரிமையையும் ஒருங்கே காக்கும்.