பழகுதலும் பழக்குதலும்

முதுகலை வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தும்போது ‘பழகு, பழக்கு’ என்ற இணையை எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம். ‘நாய் பழகியது’ என்பது தன்வினை. ‘நாயைப் பழக்கினான்’ என்பது பிறவினை. ஓராண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “நாயோடு பழகாதவன் அதை எப்படி ஐயா பழக்குவான்?” என்று கேட்டாள். இலக்கண நூலில் அதற்கு விடை கிடையாது. அந்தக் கேள்வி என்னை எங்கெங்கோ இழுத்துச் சென்று, கடைசியில் அமெரிக்கச் சிறுவர்கள் தம் வளர்ப்பு நாய்களோடு களமிறங்கும் கீழ்ப்படிதல் போட்டிகளின் வரலாற்றில் கொண்டுபோய் நிறுத்தியது.

போட்டி பார்க்க மிக எளிது. கயிறு கட்டிய களம். அதற்குள் ஒரு சிறுவனோ சிறுமியோ நாயுடன் நுழைகிறார். நடுவர் சொல்லும் திசையில் நடக்க வேண்டும். நாய் இடக்காலை ஒட்டியே வரவேண்டும். பிறகு அதை ஓரிடத்தில் விட்டுவிட்டுத் தொலைவில் போய் நின்று அழைக்க வேண்டும். ஒரே ஒரு முறைதான் அழைக்கலாம். ஓடும் வேகமோ தாண்டும் உயரமோ இங்கே கணக்கில்லை.

இதன் வேர் சிறுவர் உலகத்தில் இல்லை. காவல் துறையில் இருக்கிறது. ஜெர்மனியின் சார்புரூக்கன் நகரக் காவல் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910இல் நாய்ப் பயிற்சி குறித்து எழுதிய கையேடுதான் இத்துறையின் மூலநூல்களில் முதன்மையானது. இங்கிலாந்தில் 1924இல் தோன்றிய, சோதனைகள் நடத்திய சங்கத்தின் பெயரிலேயே ஆட்டு நாய், காவல் நாய், படை நாய் மூன்றும் இருந்தன. வீட்டு நாய் இல்லை.

வீட்டு நாயைக் களத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பெண்மணி. நியூயார்க்கை அடுத்த பகுதியில் பூடில் வகை நாய்களை வளர்த்துவந்த ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர். சுருள்முடியை விதவிதமாகக் கத்தரித்து அலங்கரிக்கப்படும் பூடிலை ‘சோம்பேறிச் சீமாட்டி நாய்’ என்று பலரும் ஏளனம் செய்துவந்த காலம். அதற்கும் மூளை உண்டென்று காட்டவேண்டும் என்பதே அவருடைய பிடிவாதம். ஆங்கிலேயச் சோதனைகளை முன்மாதிரியாகக் கொண்டு 1933 அக்டோபரில், மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில், தம் தந்தையின் பண்ணையில் முதல் போட்டியை நடத்தினார். வந்தவை எட்டே நாய்கள்: பூடில் மூன்று, லாப்ரடார் இரண்டு, ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் இரண்டு, ஜெர்மன் ஷெப்பர்ட் (நம் ஊரில் அல்சேஷன் என்போமே, அதுதான்) ஒன்று. ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. 1936இல் அமெரிக்கக் கென்னல் கிளப் இப்போட்டிக்கு முறையான விதிகளை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு வாக்கரும் அவருடைய உதவியாளர் பிளான்ச் சாண்டர்ஸும் மூன்று பூடில்களை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, 10,000 மைல் நாடு சுற்றி, ஊர் ஊராகச் செய்து காட்டினார்கள். பெண்கள் இருவர் தொடங்கி வளர்த்த போட்டி இது. அதை ஏற்று நடத்திய அந்த அமைப்போ 1974 வரை தன் பிரதிநிதிகள் அவையில் ஒரு பெண்ணையும் அமர்த்தவில்லை!

சிறுவர்கள் இதற்குள் வந்த வழிகளில் இரண்டு எனக்குச் சுவையாகப் பட்டன. வாக்கரின் போட்டிக்கு ஓராண்டு முன்னால், 1932இல், லாங் ஐலண்டில் நடந்த வெஸ்ட்பரி நாய்க் கண்காட்சியில் லெனார்டு பிரம்பி என்பவரின் முயற்சியால் சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. அங்கே நடுவர் பார்ப்பது நாயின் அழகை அல்ல, அதைப் பிடித்திருக்கும் பிள்ளையின் பக்குவத்தை. மற்றொன்று ‘நான்கு எச்’ என்னும் கிராமப்புற இளைஞர் இயக்கம். 1902இல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய வேளாண் மன்றத்திலிருந்து கிளைத்தது. சோளமும் தோட்டமும் கன்றும் பன்றியும் வளர்க்கக் கற்றுத்தந்த இயக்கத்தில் பின்னாளில் நாயும் ஒரு பாடமாயிற்று. நாட்டு நாய், கலப்பு நாய் என்று அங்கே பேதமில்லை. (கென்னல் கிளப் கலப்பு நாய்களைக் கீழ்ப்படிதல் போட்டியில் சேர்த்துக்கொண்டது 2010இல்தான்.) பரிசும் ஒருவரை ஒருவர் வீழ்த்திப் பெறுவதன்று; இன்ன தரத்தை எட்டினால் நீலப் பட்டை, அதற்குக் கீழே சிவப்பு, வெள்ளை என்பதே பொதுவான வழக்கம்.

இவ்வியக்கத்தின் கண்காட்சிகளில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது வேறொன்று. அதே கண்காட்சியில், பல மாதம் தீனி போட்டு, பெயர் வைத்து அழைத்து, குளிப்பாட்டி வளர்த்த இறைச்சிக் காளையை ஏலத்தில் விட்டுவிட்டு வெறுங்கயிற்றோடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. வேளாண்மை என்றால் அதுவும் சேர்ந்ததுதான் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. பக்கத்துக் களத்தில் நாயோடு நிற்கும் பிள்ளைக்கு அந்தத் துயரம் இல்லை. தோற்றாலும் வென்றாலும் அதே நாய் அதே வண்டியில் ஏறி வீட்டுக்கு வரும்.

எப்படிப் பழக்குவது என்பதில் சண்டை ஓயவே இல்லை. டிஸ்னி திரைப்படங்களுக்கு விலங்குகளைப் பழக்கிய வில்லியம் கோலர் 1962இல் எழுதிய நூல் மன்றங்கள்தோறும் பரவிற்று. அவருடைய கருவி, கழுத்தை இறுக்கும் சுருக்குச் சங்கிலி. குழி தோண்டும் நாயின் தலையை, அந்தக் குழியிலேயே நீர் நிரப்பி அமிழ்த்தச் சொல்லும் பகுதி அதில் உண்டு. இதைப் படித்துவிட்டு அன்று இரவு என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை. நம் வகுப்பறைகளில் நிகழ்ந்த பிரம்புக் கல்வியின் நினைவு வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மாற்றம் வந்த திசை வியப்பானது. ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் ஒரு நூல் எழுதினார். டால்பினின் கழுத்தில் சங்கிலி போட முடியாது. பிடிக்காவிட்டால் அது நீந்திப் போய்விடும். ஆகவே சரியாகச் செய்த நொடியில் ஓர் ஒலி, உடனே ஓர் இரை என்ற முறை அங்கே தேர்ந்தது. பின்னர் நாய்க்கும் வந்தது.

ஆனால் களத்துக்குள் இரைக்கும் இடமில்லை, சங்கிலியைச் சுண்டவும் இடமில்லை. கென்னல் கிளப்பின் தொடக்கநிலையில் மொத்தம் 200 மதிப்பெண், தேர்ச்சிக்கு 170. அதோடு ஒவ்வொரு பகுதியிலும் பாதிக்கு மேல் பெற்றாக வேண்டும். நாய்களை வரிசையாக உட்காரவைத்துவிட்டு உரியவர்கள் எதிர்ப்பக்கம் போய் ஒரு நிமிடம் நிற்கும் பகுதி ஒன்று 2018 வரை இருந்தது. அதற்கு 30 மதிப்பெண். மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் பெற்ற நாய் அந்த ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டால் கையில் சரியாக 170 இருக்கும், ஆனாலும் தோல்விதான்! பக்கத்து நாய் பாய்ந்து கடிக்கும் ஆபத்தைக் கருதி, 2018 முதல் வரிசையில் நிற்கையில் வாரைக் கையில் பிடித்திருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

அந்தப் பழைய ஒரு நிமிடத்தைத்தான் மாணவிக்கு விடையாகச் சொல்ல எண்ணினேன். பிள்ளை எதிர்ப்பக்கம் நிற்கிறது. பேசக்கூடாது, சைகை கூடாது. தும்பி ஒன்று பறந்தால் நாயின் தலை திரும்பும். பிள்ளைக்கு மூச்சு நிற்கும். நாய்க்கு இடப்பட்ட கட்டளை ‘உட்கார்’ என்ற ஒன்றுதான். பிள்ளைக்கு இடப்பட்டவை எத்தனை! நிமிடம் முடிந்து நடுவர் சொன்னதும் திரும்பி நடந்து, நாயின் பின்புறமாகச் சுற்றி அதன் வலப்பக்கம் வந்து நிற்க வேண்டும். அப்போதும் தொடக்கூடாது. ‘முடிந்தது’ என்று நடுவர் வாய் திறந்து சொன்ன பிறகுதான் பிள்ளை குனிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம்.