சோடாபுட்டிக் கண்ணாடி சொன்ன சாட்சி

"ஆபரேஷன் இலவசம், வாங்க பாட்டி!"

"எனக்கு வேணாம்யா. காடு வாவாங்குது, வீடு போபோங்குது. இனிமே கண்ணு எதுக்கு?"

இப்படி ஒரு பாட்டி சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? 'படிக்காத ஜனம், சொன்னா புரியாது' என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். நீங்களும் நானும் பார்க்காததா?

கரிசல்காட்டு டாக்டர் ஒருவர் அப்படி விட்டுவிடவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கம், எட்டயபுரம் வட்டாரத்து வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த கோவிந்தப்ப வேங்கடசாமி. மழை பெய்தால் பருத்தி, பொய்த்தால் பட்டினி என்கிற பூமி அது. பிரசவ டாக்டராகத்தான் ஆசைப்பட்டார். முப்பது வயதில் முடக்குவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே தடுமாறியவர், கத்தி பிடிக்கப் பழகிக் கண் டாக்டரானார். நோயாளியின் பயத்தை அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

1960-களிலேயே கிராமம் கிராமமாகக் கண் முகாம் போட்டார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 1976-ல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். எல்லாம் சரி. ஆனால், இலவசம் என்று கூவியும் பலர் வரவில்லையே, ஏன்?

பி.காம். படித்த புத்தி, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆபரேஷன் இலவசம். பஸ் கட்டணம்? சாப்பாடு? துணைக்கு வரும் மகனின் கூலி? பாட்டியின் பேரேட்டில் 'இலவசம்' என்ற வரிக்கு எதிரே இத்தனை செலவுகள்! வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அதனால்தான், "கண்ணு எதுக்கு?"

அரவிந்தும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 90 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். 1991-ல் முடிவு வெளியானது. நன்றாகப் பலித்தவை இரண்டு. ஒன்று, போக்குவரத்து, சாப்பாடு உட்பட முழுச் செலவையும் ஏற்பது. இன்னொன்றுதான் சுவாரஸ்யம். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரை வீடு வீடாக அனுப்பிப் பேச வைப்பது! அந்தக் காலத்தில் புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, இப்ப நல்லாத் தெரியுது" என்றால், அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பிறகு ஆஸ்பத்திரிக்குள்ளேயும் இதையே செய்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசவே ஆள் வைத்தார்கள். டாக்டருக்கு நேரமில்லை என்பது உண்மைதான். அதற்காக நோயாளியைப் பேசவிடாமல் அனுப்பிவிட முடியுமா?

2006-ல் டாக்டர் வேங்கடசாமி காலமானார். அவர் தன் கையாலேயே செய்த ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தக் கோணல் விரல்களால்!

'வேண்டாம்' என்பது பல நேரம் பதில் அல்ல, கேள்வி. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பயம்?" என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.